வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி: தட்டைப் பிரிப்பதா, பிளேடைப் பிரிப்பதா?

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே பல வீடுகளில் நோயாளியின் சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடும். அதே வீட்டுக் குளியலறையில் அப்பாவும் மகனும் ஒரே ரேஸரை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பயப்பட வேண்டாத இடத்தில் பயப்பட்டு, கவனிக்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பொதுவான தகவல். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

ஹெபடைட்டிஸ் சி என்பது மஞ்சள் காமாலைதானே?

இல்லை. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், மது குடித்துக் கல்லீரல் கெட்டாலும் மஞ்சளாகும். ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கும் முக்கியமான வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. இவற்றில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. பி, சி, டி மூன்றும் ரத்தத்தோடு தொடர்புடையவை.

தட்டைப் பிரிக்கும் பழக்கம் இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தண்ணீரில் வரும் காமாலையைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் சி-யின் தலையிலும் ஏற்றிவிடுகிறோம்.

சி வைரஸுக்கு நெடுநாள் பெயரே கிடையாது. 1970-களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. பரிசோதித்தால் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. ஆகவே ‘ஏ அல்லாத, பி அல்லாத ஹெபடைட்டிஸ்’ என்றே எழுதி வைத்தார்கள். 1989-ல்தான் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பில் எதுவும் தெரியவில்லையே, ரிப்போர்ட் தப்பாக இருக்குமோ?

எதுவும் தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயின் வழக்கம். புதிதாகத் தொற்றியவர்களில் 100-க்கு 80 பேருக்கு அறிகுறியே இருக்காது. மற்றவர்களுக்குக் களைப்பு, பசியின்மை, குமட்டல், சிலருக்குக் காமாலை வரலாம். அந்த 100 பேரில் ஏறக்குறைய 30 பேரின் உடல் ஆறு மாதத்துக்குள் வைரஸைத் தானே துரத்திவிடும். மீதி 70 பேரிடம் அது தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் வரக்கூடும். அதற்குப் பிறகு கல்லீரல் புற்றுநோய் அபாயமும் உண்டு. இத்தனையும் சத்தமில்லாமல் நடப்பதால், வேறு எதற்கோ ரத்தம் எடுக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

எப்படித்தான் பரவுகிறது?

ரத்தத்திலிருந்து ரத்தத்துக்கு. தொற்று உள்ளவரின் ரத்தம் இன்னொருவரின் ரத்த ஓட்டத்துக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஊசித் துளையோ, வெட்டுக்காயமோ, சிராய்ப்போ ஒரு வாசல் தேவை. நுழையும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தாலும் போதும்.

இன்று உலகில் அதிகம் பரவுவது, போதைப் பொருளை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் சிரிஞ்சைப் பகிர்வதாலும், மருத்துவ இடங்களில் ஊசிகளும் கருவிகளும் சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாததாலும்தான். பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது, சுகாதாரக் குறைவான டயாலிசிஸ், பச்சை குத்துதல், காது மூக்குக் குத்துதல், சலூனில் மாற்றாத பிளேடு ஆகியவையும் வழிகள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகலாம். உடலுறவிலும் போகலாம், ஆனால் அதன் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

போதை ஊசி பகிர்பவர்கள் சிரிஞ்சை மட்டும் மாற்றினால் போதாது. மருந்தைக் கரைக்கும் தண்ணீர், கரண்டி, வடிகட்டும் பஞ்சு எல்லாவற்றிலும் ரத்தம் ஒட்டும். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. பிறகு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குள் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கும். அதை நோயாளியின் மேல் வீசும் முன் எகிப்து நாட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

நைல் நதிக்கரைக் கிராமங்களில் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் இருந்தது. நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் இதை ஒழிக்க, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை, அரசு மக்களுக்கு ஆன்டிமனி என்ற தனிமம் கலந்த மருந்து ஊசிகளைத் தொடர்ச்சியாகப் போட்டது. கண்ணாடி சிரிஞ்சுகள் சரியாகக் கொதிக்க வைக்கப்படாமலே ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயின. சி வைரஸ் என ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நோயைத் தீர்க்கப் போட்ட ஊசி இன்னொரு நோயைப் பரப்பி, உலகிலேயே ஹெபடைட்டிஸ் சி மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக எகிப்தை ஆக்கியது. பிறகு அதே நாடு 2018-லும் 2019-லுமாகக் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, தொற்று இருந்தவர்களுக்கு இலவச மருந்து கொடுத்தது. ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் ‘தங்க நிலை’யை எட்டிய முதல் நாடு என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் எகிப்தை அறிவித்தது.

அந்தக் கிராமத்து மக்கள் செய்த ஒரே காரியம், ஊசி போட வந்தவரிடம் கையை நீட்டியது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கும் சிறுவயதில் போட்ட ஊசியோ, 1990-களுக்கு முன் ஏற்றிய ரத்தமோ, என்றோ செய்த பல் சிகிச்சையோ காரணமாக இருக்கலாம். பல நேரங்களில் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும். சிகிச்சைக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தட்டு, டம்ளர், கரண்டி தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். சாப்பாட்டாலும் தண்ணீராலும் இது பரவாது. வழக்கம்போல சோப்பு போட்டுக் கழுவினால் போதும். ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிச் சாப்பிடலாம். தனித் தட்டு வைப்பதால் மருத்துவ ரீதியாக எந்தப் பலனும் இல்லை. அந்தத் தட்டின் முன் உட்காருபவருக்கு என்ன தோன்றும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

முத்தம், கட்டிப்பிடித்தல், இருமல், வியர்வை, கொசு?

இவற்றில் எதாலும் பரவாது. கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகுவதில்லை. நாய், பூனைக்கும் இது தொற்றாது.

கழிப்பறை, வாளி, சோப்பு, துண்டு?

கழிப்பறையைச் சேர்ந்தே பயன்படுத்தலாம். வாளி, கப் கவலையில்லை. சோப்பும் துண்டும் ரத்தம் படாதவரை பிரச்சினையில்லை. என்றாலும் துண்டு ஆளுக்கொன்று இருப்பது எந்த வீட்டுக்கும் நல்ல பழக்கம்தான்.

அப்படியானால் எதைத்தான் தனியாக வைக்க வேண்டும்?

தோலையோ ஈறையோ கீறக்கூடிய எல்லாவற்றையும். தட்டைப் பற்றி யோசித்த நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

ரேஸரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேவ் செய்து முடித்ததும் குழாயில் காட்டி உதறி வைத்துவிடுவோம். பார்க்கப் பளபளவென்று இருக்கும். இரண்டு மூன்று பிளேடுகள் அடுக்கிய ரேஸரில் அவற்றுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் நுரையும் முடித்துணுக்கும் தோல்செதிலும் சிக்கியிருக்கும். முகத்தில் ஒரு பருவின் தலை சீவப்பட்டிருந்தால் அந்த ரத்தமும் அங்கேதான் இருக்கும். அடுத்தவர் அதே பிளேடைத் தாடையில் வைத்து இழுக்கும்போது அவர் தோலிலும் நுண்ணிய கீறல்கள் விழும். வெளியே வரவும் உள்ளே போகவும் இரண்டு வாசலையும் ஒரே கருவி திறந்துவிடுகிறது. ட்ரிம்மர், கால் கை முடி நீக்கும் கருவிகளுக்கும் இதே கதைதான்.

டூத் பிரஷ் அடுத்தது. ஈறில் ரத்தம் கசிவது பலருக்குத் தெரிவதே இல்லை. நோயாளிகள் பல் துலக்கிய பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீரைச் சோதித்தபோது சிலருடையதில் வைரஸின் மரபுப்பொருள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிரஷ் வழியாகத் தொற்று உண்மையில் பரவுவது அபூர்வம். ஆனாலும் தவிர்ப்பது சுலபம் என்பதால் தவிர்த்துவிடலாம். யாரும் வேண்டுமென்றே பிரஷ்ஷைப் பகிர்வதில்லை. எல்லாருடையதையும் ஒரே டம்ளரில் நட்டுவைத்து, தூக்கக் கலக்கத்தில் நிறம் மாறி எடுப்பதுதான் நடக்கிறது. நோயாளியின் பிரஷ்ஷுக்கு மூடி போட்டோ தனி இடத்திலோ வையுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

நகவெட்டியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், குடும்பம் முழுவதும் அதையே தேடும். நகத்தோடு சதையும் சேர்ந்து வெட்டுப்பட்ட அனுபவம் இல்லாதவர் யார்? ஆளுக்கொரு நகவெட்டி வாங்குவது இந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பதிலேயே எளிதான காரியம். கூடவே முள் எடுக்கும் ஊசி, சேஃப்டி பின், குதிகால் வெடிப்பைத் தேய்க்கும் கல், மூக்குமுடி வெட்டும் கத்தரிக்கோல், காதணி, மூக்குத்தி இவையும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும்.

ஒரு ஜிப் பை வாங்கி நோயாளியின் ரேஸர், பிரஷ், நகவெட்டி மூன்றையும் அதில் போட்டு வைத்தால் குழப்பமே வராது. வெளியூர் போகும்போதும் பையோடு எடுத்துக்கொள்ளலாம்.

கீழே ரத்தம் சிந்தினால் எப்படிச் சுத்தம் செய்வது?

காய்ந்த ரத்தமும் ரத்தம்தான் என்பதை முதலில் மனதில் வையுங்கள். அறை வெப்பநிலையில் காய்ந்த ரத்தத் துளியில் இந்த வைரஸ் ஆறு வாரம் வரை உயிர்ப்போடு இருக்க முடியும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ‘நேற்றைக்குச் சிந்தியது, காய்ந்துவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் சமாளிக்கலாம். கண்ணாடி உடைந்து கிடந்தால் துண்டுகளைக் கையால் பொறுக்காமல் அட்டையாலோ முறத்தாலோ அள்ளுங்கள். ரத்தத்தின் மேல் பழைய காகிதத்தையோ துணியையோ போட்டு உறிஞ்ச விட்டு எடுத்துவிடுங்கள். பிறகு வீட்டு பிளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஊற்றிய வேகத்தில் துடைத்தால் பிளீச் வேலை செய்யாது. நேரம் ஆனதும் துடைத்து, துணி, காகிதம், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டு, கையை சோப்பால் கழுவுங்கள்.

கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், நாள்பட்டால் வீரியம் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நச்சுவாயு அந்த ரத்தத் துளியைவிட உடனடி ஆபத்து. கைக்குத் தேய்க்கும் சானிடைசரைத் தரைச் சுத்தத்துக்கு நம்ப வேண்டாம்.

ரத்தம் பட்ட துணி? மாதவிடாய்த் துணி, நாப்கின்?

ரத்தக் கறை உள்ள துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாக அலசி, சோப்புத்தூள் போட்டுத் துவைக்கலாம். ரத்தம் படாத துணிகளை எல்லாருடையதோடும் சேர்த்தே துவைக்கலாம், பிரிக்க வேண்டியதில்லை. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிப் பையில் கட்டிப் போட வேண்டும். துணி பயன்படுத்துபவர் தன்னுடையதைத் தானே துவைத்து வெயிலில் காயவைப்பது நல்லது. மாதவிடாய்க் கப் எந்நாளும் ஒருவருக்கு மட்டுமே உரியது.

நோயாளி சமைக்கலாமா? காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டால்?

தாராளமாகச் சமைக்கலாம். விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் பட்ட காயை எறிந்துவிட்டு, கத்தியையும் பலகையையும் சோப்பால் கழுவி, பிளீச் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம். தெரியாமல் ஒரு துளி குழம்பில் விழுந்து யாராவது சாப்பிட்டுவிட்டால்? உணவு வழியாக இது தொற்றுவதில்லை, பதற வேண்டாம்.

அதே வீட்டில் சர்க்கரை நோயாளியும் இருக்கிறார். விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றுதான் இருக்கிறது.

இதற்கு முதலிடம் கொடுங்கள். குத்தும் ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றினால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி பொருத்தும் பேனா போன்ற கருவியின் வாயிலும் ரத்தம் ஒட்டும். அதை இருவர் பகிரவே கூடாது. அளக்கும் மீட்டரும் ஆளுக்கொன்று இருப்பதே நல்லது. இன்சுலின் பேனாவில் ஊசியை மாற்றினாலும் உள்ளே இருக்கும் மருந்துக் குப்பிக்குள் ரத்தம் பின்னோக்கி ஏறக்கூடும், அதனால் அதுவும் ஒருவருக்கு மட்டும்தான்.

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போட முயலாதீர்கள், அப்போதுதான் விரலில் குத்திக்கொள்வார்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், திருகு மூடியோடு, போட்டு வையுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை ஒட்டி, மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் கைதான்.

கணவன் மனைவி உறவை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலான தம்பதிகளுக்கு அவசியமில்லை. ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக உள்ள, ஒருவருக்குத் தொற்று இருந்த 500 ஜோடிகளைப் பற்றிய ஆய்வு 2013-ல் அமெரிக்காவில் வெளியானது. உடலுறவு வழியாகப் பரவும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.07 சதவீதத்தைத் தாண்டாது என்று அதில் கணக்கிட்டார்கள். பத்தாயிரம் ஜோடிகளில் ஓர் ஆண்டுக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஆணுறை கட்டாயம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. மனநிம்மதிக்காகப் பயன்படுத்த விரும்பினால் அது உங்கள் விருப்பம்.

வாய்ப்பு கூடும் நிலைமைகள் உண்டு. மாதவிடாய் நாட்கள், பிறப்புறுப்பில் புண், ரத்தம் வரக்கூடிய உறவு முறைகள், பல துணைகள், இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி., ஆணோடு ஆண் கொள்ளும் உறவு. இவற்றில் ஆணுறை அவசியம். நோயாளியின் துணை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்கு வருமா? தாய்ப்பால் தரலாமா?

தொற்றுள்ள 100 தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் ஆறு பேருக்கு வருகிறது. தாய்க்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் இது கூடும். இந்த வைரஸுக்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. தாய்ப்பால் தரலாம், அதன் வழியாகப் பரவாது. காம்பில் வெடிப்பு விழுந்து ரத்தம் கசிந்தால் அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தி, பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு, ஆறியதும் தொடரலாம்.

குழந்தைக்கு எப்போது பரிசோதிப்பது என்பதில் கவனம் தேவை. தாயின் எதிர்ப்பொருள், அதாவது வைரஸை எதிர்க்க அவர் உடல் உருவாக்கிய ஆன்டிபாடி, குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை மிதந்துகொண்டிருக்கும். அதற்கு முன் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, பாசிட்டிவ் என்று பார்த்து அழுதவர்கள் ஏராளம். சீக்கிரம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்குப் பிறகு, வைரஸே ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யலாம். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே சிகிச்சையை முடித்துவிடுவது நல்ல யோசனை.

குழந்தைக்குத் தொற்று இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாமா, விளையாட விடலாமா?

அனுப்பலாம், விடலாம். முழங்கால் சிராய்த்தால் கழுவிப் பிளாஸ்திரி போடத் தெரிந்திருந்தால் போதும்.

நோயாளியின் ரத்தம் பட்ட ஊசியோ பிளேடோ குத்திவிட்டது. என்ன செய்வது?

குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், காயத்தில் பிளீச் ஊற்றவே கூடாது. கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி இரண்டுக்கும் குத்திய பிறகு எடுக்கும் தடுப்பு உண்டு, சி-க்கு அப்படி இல்லை. ஆனால் ஒருமுறை குத்தியதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. முன்பு 1.8 சதவீதம் என்று சொல்லிவந்தார்கள், பின்னர் வந்த கணக்குகள் 0.2 சதவீதம் அளவுக்கே காட்டுகின்றன. உடனே ஒரு பரிசோதனை, மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஆர்.என்.ஏ., நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் எதிர்ப்பொருள் என்று பார்ப்பார்கள். தொற்றியிருந்தால் சிகிச்சை இருக்கிறது.

வீட்டில் எல்லாரும் பரிசோதிக்க வேண்டுமா? ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

துணை, தொற்றுள்ள தாயின் பிள்ளைகள், ரேஸர் போன்றவற்றைப் பகிர்ந்தவர்கள் பரிசோதிக்க வேண்டும். மற்றவர்களும் வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லதே.

பரிசோதனை இரண்டு கட்டம். முதலாவது எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. இதில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் சிலருக்கு வைரஸ் எப்போதோ போயிருக்கும். இரண்டாவது பரிசோதனை வராமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். எதிர்ப்பொருள் உருவாகத் தொற்றிலிருந்து எட்டு முதல் பதினொரு வாரம் ஆகும். அதற்கு முன் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

தடுப்பூசி இருக்கிறதா?

சி-க்கு இல்லை. ஏ-க்கும் பி-க்கும் இருக்கிறது. சி உள்ளவர் இவ்விரண்டையும் போட்டுக்கொள்வது நல்லது, ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல் இன்னொரு அடியைத் தாங்காது.

குணமாகுமா?

ஆகும். வீட்டுப் பாதுகாப்பு பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் பெரிய பதில் இதுதான். நோயாளி குணமாகிவிட்டால் அவரிடமிருந்து யாருக்கும் பரவ எதுவுமே இல்லை.

முன்பு இன்டர்ஃபெரான் ஊசியை 48 வாரம் வரை போட வேண்டியிருந்தது. காய்ச்சல், மனச்சோர்வு, முடி உதிர்தல் என்று அது பலரை நடுவிலேயே களைக்க வைத்தது. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு இன்றும் சிகிச்சைக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. 2013-ல் சோஃபாஸ்புவிர் என்ற மாத்திரை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. சோஃபாஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் 12 வாரம் எடுக்கலாம். கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் சேர்க்கை பலருக்கு 8 வாரத்தில் முடிந்துவிடும். 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். முடித்த 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லை என்றால் குணம் என்று மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.

தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சி அடங்கும்போது மறைந்திருந்த பி கிளம்பக்கூடும். அமிலம் குறைக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, சில இதய மாத்திரைகள் இந்த மருந்துகளோடு மோதும், அதனால் எடுக்கும் மருந்து எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரலுக்கு நல்லது என்று விற்கும் மூலிகைகளும் அதில் அடக்கம். சி வைரஸை விரட்டும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை, சில மூலிகைகள் கல்லீரலையே கெடுக்கும். மதுவை நிறுத்திவிடுங்கள், சிரோசிஸை அது வேகமாக இழுத்துக்கொண்டு வரும்.

யார் யாரிடம் சொல்ல வேண்டும்?

துணையிடமும், கூடவே குளியலறையைப் பகிர்பவர்களிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் சொல்வது உங்கள் சிகிச்சைக்கு உதவும். அவர்கள் எல்லா நோயாளிக்கும் ஒரே கிருமிநீக்க முறையைத்தான் பின்பற்ற வேண்டும், உங்களுக்கென்று தனியாக அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், மகளின் மாமியார் வீடு எல்லாருக்கும் அறிவிக்க வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை.

குணமான பிறகு?

பழைய பிரஷ், பிளேடுகளை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். எதிர்ப்பொருள் ரத்தத்தில் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து வேறு மருத்துவமனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் நோய் திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். குணமான சான்றை மடித்துப் பத்திரமாக வைத்திருந்து காட்டி, ஆர்.என்.ஏ. பார்க்கச் சொல்லுங்கள். அதே எதிர்ப்பொருளால் ரத்ததானம் செய்ய முடியாது. அது பாதுகாப்பும் தராது, மறுபடி தொற்றிய ரத்தம் உள்ளே போனால் மறுபடி வரும். சிரோசிஸ் ஏற்கெனவே வந்திருந்தவர்கள் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துப் புற்றுநோய் முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். ‘குணமாகிவிட்டதே’ என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.